டர்பனிலிருந்து அறிவியல் எழுத: நிதி எங்கே இருக்கிறது, கேட்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அறிவியல் எழுத உட்காருபவருக்கு விஷயப் பஞ்சம் கிடையாது. எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வில் உலகமே திரும்பிப் பார்த்த கேப்ரிசா ஆய்வு மையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. 2021 நவம்பரில் ஓமிக்ரானை உலகுக்கு அறிவித்த மரபணு ஆய்வாளர் கூட்டில் இங்குள்ள கிரிஸ்ப் ஆய்வகத்துக்கும் பங்குண்டு. ஊரின் தெற்கே மேர்பாங்கில் நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுத்திகரிப்பு ஆலைப் புகையைச் சுவாசித்திருக்கின்றன. 2022 ஏப்ரல் வெள்ளம் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இல்லாதது பெட்ரோல் காசும், ஆய்வகக் கட்டணமும், ஆறு வாரம் வேறு வேலை பார்க்காமல் இருக்க வழியும்தான். அதற்கான நிதி உலகில் இருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் அதைக் கேட்கும்போது எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரும்பாலான விண்ணப்பங்கள் தலைப்போடு நின்றுவிடுகின்றன. ‘டர்பன் கடற்கரை மாசு பற்றி எழுத விரும்புகிறேன்’ என்பது தலைப்பு. ‘மழை பெய்து இரண்டு நாள் கழித்து நகராட்சி குளிக்கலாம் என்று அறிவிக்கும் கடற்கரையில், தனி ஆய்வகம் எடுக்கும் அளவு என்ன சொல்கிறது?’ என்பது கேள்வி. இரண்டாவதற்குப் பதில் தேட எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட முடியும். முதலாவதற்கு முடியாது. செலவுப் பட்டியலை எழுதத் தொடங்கியதும் கை நின்றுவிட்டால், கேள்வி இன்னும் பழுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய செய்தியைத் தொடர்ந்து போவதும் நல்ல கேள்விதான். 2010இல் கேப்ரிசா 004 ஆய்வு, டெனோஃபோவிர் என்ற மருந்து கலந்த ஜெல் பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றை 39 சதவீதம் குறைத்தது என்று அறிவித்தது. ஆய்வில் இருந்தவர்கள் 889 பெண்கள். உலகம் முழுக்க அது முதல் பக்கச் செய்தி. 2015இல், தென்னாப்பிரிக்காவிலேயே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் அதே ஜெல்லைச் சோதித்த ஃபேக்ட்ஸ் 001 ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. அந்த இரண்டாவது செய்திக்கு அத்தனை இடம் கிடைக்கவில்லை. ‘அதற்குப் பிறகு என்ன ஆனது, அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள், அடுத்த மருந்துக்கு இதிலிருந்து எதைக் கற்றார்கள்?’ என்று கேட்பவரிடம் கதை இருக்கிறது, நிதி கேட்க நியாயமும் இருக்கிறது.

நிதி கேட்குமுன் காசில்லாமல் கிடைப்பதையெல்லாம் எடுத்துவிடுங்கள். யூரேக்அலர்ட் என்ற அறிவியல் செய்தித் தளத்தில் செய்தியாளராகப் பதிந்துகொண்டால், வெளிவரவிருக்கும் ஆய்வுகளை முன்கூட்டியே படிக்கலாம். குறித்த நேரம் வரை வெளியிடக் கூடாது என்ற கட்டுப்பாட்டை மீறினால் அனுமதி போய்விடும். நம் ஊரில் இதில் தவறு நடப்பது கடிகாரத்தால். நாம் கோடைக்காக மணியை மாற்றுவதில்லை, லண்டனும் நியூயார்க்கும் மாற்றுகின்றன. நேச்சர் இதழின் கட்டுப்பாடு நீங்கும் லண்டன் மாலை 4 மணி நமக்கு அங்கே கோடையில் 5, குளிர்காலத்தில் 6. சயன்ஸ் இதழின் அமெரிக்கக் கிழக்கு நேரம் பிற்பகல் 2 மணி நமக்கு இரவு 8 அல்லது 9. மார்ச்சிலும் அக்டோபர், நவம்பரிலும் இந்த இரண்டு ஊர்களும் வேறு வேறு தேதியில் மணி மாற்றுவதால், அந்த வாரங்களில் ஒவ்வொரு முறையும் எண்ணிப் பாருங்கள்.

கட்டுரை காசுச் சுவருக்குப் பின்னால் இருந்தால், அன்பேவால் என்ற உலாவி இணைப்பு சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதியைத் தேடித் தரும். அதுவும் இல்லையென்றால் கட்டுரையில் தொடர்புக்கென்று பெயர் குறித்திருக்கும் ஆய்வாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். பிரதி அனுப்பப் பெரும்பாலோர் தயங்குவதில்லை. திரும்பப் பெறப்பட்ட ஆய்வுகளின் ரிட்ராக்‌ஷன் வாட்ச் பட்டியல் 2023 முதல் ஆய்வுக் கட்டுரைகளுக்கு அடையாள எண் தரும் கிராஸ்ரெஃப் அமைப்பு வழியாக எல்லோருக்கும் திறந்திருக்கிறது. மேற்கோள் காட்டும் ஒவ்வொரு ஆய்வையும் அதில் ஒருமுறை போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். மருந்து ஆய்வென்றால் பான் ஆப்பிரிக்க மருந்துச் சோதனைப் பதிவேட்டிலும் அமெரிக்கப் பதிவேட்டிலும் அதன் பக்கத்தைத் திறந்து, தொடங்கும்போது எதை அளப்பதாகச் சொன்னார்கள், முடிவில் எதை அறிவித்தார்கள் என்று ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் உங்கள் முதல் கேள்வி அங்கேயே கிடைத்துவிட்டது.

கற்றுக்கொள்ள, தி ஓப்பன் நோட்புக் என்ற இணையதளத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நல்ல இதழ்கள் ஏற்றுக்கொண்ட முன்மொழிவுக் கடிதங்களை அப்படியே தொகுத்து வைத்திருக்கிறார்கள். பத்தைப் படித்தால் கடிதத்தின் எலும்புக்கூடு பிடிபடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் அறிவியல் செய்தியாளர்களுக்கென நடக்கும் நைட் திட்டம் தகவல் சரிபார்ப்புக் கையேட்டை இலவசமாகத் தருகிறது. அறிவியல் செய்தித் தளமான சைடெவ்.நெட்டின் ஸ்கிரிப்ட் பயிற்சியும் இலவசம், ஆப்பிரிக்கச் சூழலை மனத்தில் வைத்துச் செய்தது. தென்னாப்பிரிக்க அறிவியல் செய்தியாளர் சங்கமான சாஸ்ஜாவில் சேருங்கள். உலக அறிவியல் செய்தியாளர் மாநாடு 2025 டிசம்பரில் பிரிட்டோரியாவுக்கு வந்ததில் இந்தச் சங்கத்தின் உழைப்பு இருந்தது. நிதி அறிவிப்புகளில் பாதி இத்தகைய சங்கங்களின் அஞ்சல் வழியாகத்தான் முதலில் காதில் விழும்.

இனி நிதி. பலர் முதலில் அந்த எம்.ஐ.டி. நைட் திட்டத்தின் ஃபெலோஷிப்புக்குப் போடுகிறார்கள். பத்து மாதம் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் தங்கிப் படிக்கும் பெரிய வாய்ப்பு அது. ஆனால் பல ஆண்டு முழுநேர அனுபவம் உள்ளவர்களோடு போட்டி. ஒரு கட்டுரையின் களச்செலவுக்குப் பணம் தரும் சிறிய களநிதி ஒன்றில் ஒரு நல்ல கட்டுரையை முடித்துக் காட்டியபின் அதற்குப் போடுவதே என் பரிந்துரை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு நிறுவனம் நடத்தும் காலநிலைச் செய்தியாளர் வலையமைப்பு இணையவழியே நடப்பது, வேலையை விடாமல் சேரலாம்.

களநிதியில் இரண்டை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். செய்திப் பணிக்கு நிதி தரும் அமெரிக்காவின் புலிட்சர் மையம் கேட்பது சுருக்கமான திட்ட விவரம் (250 சொல்லுக்குள்), உத்தேச பட்ஜெட், எங்கே வெளிவரும் என்ற திட்டம், உங்கள் பழைய கட்டுரைகள் மூன்று, உங்களுக்காகப் பேசக்கூடிய மூன்று பேர். எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க், ஊடகங்களுக்கு உதவும் இன்டர்நியூஸ் அமைப்பின் கிளை, சுற்றுச்சூழல் கதைகளுக்குத் தலைப்பு வாரியாக அழைப்பு விடுக்கும். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியதிலிருந்து இந்தத் துறை முழுக்க நடுக்கம் இருக்கிறது. ஆகவே எந்த அழைப்பானாலும் பக்கத்தின் தேதியைப் பாருங்கள், பழைய அழைப்புக்கு ஒரு வாரம் உழைத்து வீணாகாதீர்கள்.

உள்நாட்டில், ஊழலோ மறைப்போ கலந்த அறிவியல் கதையென்றால் விட்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த டாக்கோ கைப்பர் நிதியைப் பாருங்கள். வனவிலங்கு, சுரங்கம், நீர் போன்றவற்றுக்கு ஆக்ஸ்பெக்கர்ஸ் என்ற புலனாய்வுச் செய்தி மையம். உடல்நலத்துக்கு பெக்கிசீசா, ஸ்பாட்லைட் ஆகிய இணைய ஏடுகள். கிரவுண்ட்அப் என்ற இணைய ஏடு சுயேச்சை எழுத்தாளர்களுக்கு ஊதியம் கொடுத்து வாங்கும், அதன் கட்டுரைகளை மற்ற ஏடுகளும் இலவசமாக மறுவெளியீடு செய்யலாம். இந்த மறுவெளியீட்டு உரிமையை விண்ணப்பத்தில் ஒரு வரியாகச் சொல்லுங்கள். வாசகர் எத்தனை பேரைச் சென்றடையும் என்ற கேள்விக்கு அது வலுவான பதில்.

விண்ணப்பம் விழும் முதல் இடம், கட்டுரையை வெளியிடுவோம் என்று ஏட்டின் ஆசிரியர் தரும் கடிதம். ‘படித்துப் பார்ப்போம்’ என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தி கடிதமாகாது. இந்தக் கேள்வி, இத்தனை சொல், இந்த மாதம், நிதி கிடைத்தால் வெளியிடுவோம் என்று ஏட்டின் மின்னஞ்சலில் வர வேண்டும். விண்ணப்ப முடிவு நாளுக்கு மூன்று வாரம் முன்பே கேளுங்கள். தமிழிலோ ஜூலுவிலோ வெளியிடுவதாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், ஆனால் நிதி தருபவர் படிக்க ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கும். அந்தச் செலவும் பட்ஜெட்டில் ஏற வேண்டும்.

இரண்டாவது இடம் பட்ஜெட். கடற்கரைக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். நான்கு இடம், மூன்று நாள் என்றால் பன்னிரண்டு நீர் மாதிரி. மூன்று நாளில் ஒன்றாவது வறண்ட நாளாகவும் ஒன்றாவது மழைக்குப் பிந்தைய நாளாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘மழை நாளில் எடுத்தால் அப்படித்தான் இருக்கும்’ என்று நகராட்சி ஒரே வரியில் தள்ளிவிடும், அது சரியாகவும் இருக்கும். ஒவ்வொரு நாளும் கிருமி நீக்கிய தண்ணீர் நிரப்பிய ஒரு வெற்றுப் புட்டியும் கூடப் போக வேண்டும். அதில் கிருமி தெரிந்தால் தவறு உங்கள் கையில், கடலில் அல்ல. ஆக மொத்தம் பதினைந்து சோதனை. புட்டிகளை ஆய்வகத்திடமே வாங்குங்கள், ஐஸ் பெட்டியில் வைத்து அதே நாளில், முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள். வெயிலில் காரில் கிடந்த மாதிரி எதையும் நிரூபிக்காது. கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமியோடு என்டரோகாக்கஸ் என்ற கிருமியையும் எண்ணச் சொல்லுங்கள். உப்பு நீரில் ஈ.கோலை சீக்கிரம் இறந்துவிடும், மற்றது கூடுதல் நேரம் தாங்கும், அதனால் கடலுக்கு அதுவே நம்பகமான அடையாளம். நாட்டின் ஆய்வகத் தர அமைப்பான சானாஸின் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்திடம் எழுத்து மூலம் விலை வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள். உத்தேசத் தொகைக்கும் விலைப்புள்ளிக்கும் உள்ள வேறுபாடு படிப்பவர் கண்ணில் உடனே படும்.

இதற்கு மேல் கார்ச் செலவை வரித் துறையான சார்ஸ் ஆண்டுதோறும் அறிவிக்கும் கிலோமீட்டர் வீதத்தில் போடுங்கள். ஜூலு மொழிபெயர்ப்பாளருக்கு நாள் கணக்கில் ஊதியம். பேட்டிகளை எழுத்தாக்கும் செலவு. புள்ளிவிவரம் தெரிந்த ஒருவர் உங்கள் எண்களை ஒருமுறை பார்க்கக் கூலி. தகவல் சரிபார்ப்பு. எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம். கேமராவும் மடிக்கணினியும் சேர்க்காதீர்கள், களநிதிகள் கருவி வாங்கப் பொதுவாகப் பணம் தருவதில்லை. உங்கள் சொந்த ஊதியம் சேர்க்கலாமா என்பது நிதிக்கு நிதி மாறும், விதிகளைப் படித்தபின் போடுங்கள். பயந்து குறைத்துக் கேட்பது நம் ஆட்களிடம் உள்ள பழக்கம். பதினைந்து சோதனைக்குப் பதில் ஆறு என்று குறைத்தால் தொகை குறையும், கட்டுரையும் நிற்காது.

டாலரில் வரும் தொகைக்கு இன்னொரு கவனம் வேண்டும். புலிட்சர் மையம் வழக்கமாகப் பாதியை முன்னதாகவும் மீதியை முக்கியமான கட்டுரையை ஒப்படைத்த பின்பும் தருகிறது. அந்த இரண்டாவது பாதியை நீங்கள்தான் முதலில் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். நடுவில் ராண்ட் வலுத்தால் கைக்கு வருவது குறையும், அதற்காகவும்தான் அந்தப் பத்து சதவீதம். பணம் வந்ததும் எதற்காக வந்தது என்று வங்கி கேட்கும். நிதி ஒப்பந்தத்தின் பிரதி தயாராக இல்லையென்றால் தொகை அங்கேயே தேங்கி நிற்கும். சுயேச்சையாக எழுதுபவர் முன்கூட்டியே வரி கட்டுபவராகப் பதிந்து, ஆகஸ்ட் இறுதியிலும் பிப்ரவரி இறுதியிலும் ஐ.ஆர்.பி.6 படிவம் கொடுக்க வேண்டும். ரசீதுகளை ஐந்தாண்டு வையுங்கள்.

தகவல் சட்ட விண்ணப்பத்தை நிதி கிடைக்கும் வரை தள்ளிப் போடாதீர்கள். பாயா என்று எல்லோரும் சொல்லும் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் படிவம் 2ஐ அனுப்பினால், பதில் தர 30 நாள், மேலும் 30 நாள் நீட்டிக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. பதிலே வராவிட்டால் மறுத்ததாகவே பொருள், அப்போது நகராட்சிக்குள்ளேயே மேல்முறையீடு. இரண்டு மாதம் இப்படியே ஓடிவிடும். அதனால் நிதி விண்ணப்பம் போகும் நாளிலேயே இதையும் அனுப்புங்கள். ‘நீர்த்தரம் பற்றிய எல்லா ஆவணங்களும்’ என்று கேட்டால் மறுக்கக் காரணத்தை நீங்களே எடுத்துக் கொடுத்தது போலாகும். இந்த நான்கு கடற்கரை, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, ஆய்வக எண்கள், எக்செல் கோப்பாக என்று கேளுங்கள். யாருக்கு அனுப்புவது என்பது அந்த அலுவலகத்தின் பாயா கையேட்டில் இருக்கும். கேட்காமலே தரவேண்டிய ஆவணங்கள் எவை என்றும் அதிலேயே எழுதியிருப்பார்கள், பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதேயில்லை.

பணம் தருபவர் கட்டுரையில் கை வைக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் ‘வெளியீட்டுக்கு முன் ஒப்புதல்’ என்ற சொற்கள் இருந்தால் கையெழுத்திடாதீர்கள், நீக்கச் சொல்லிக் கேளுங்கள். நீக்க மறுத்தால் விட்டுவிடுங்கள். யார் பணம் கொடுத்தார்கள் என்பதைக் கட்டுரையிலேயே எழுதுங்கள். பெக்கிசீசா தனக்கு கேட்ஸ் அறக்கட்டளை நிதி தருவதை வாசகருக்குத் தெரியும்படி சொல்கிறது, அது நல்ல வழக்கம். ஆய்வகமோ பல்கலைக்கழகமோ பயணச் செலவைக் கொடுத்து அழைத்துப் போனால், அதுவும் கட்டுரையில் ஒரு வரியாக வர வேண்டும்.

நிராகரிப்பு வந்தால் காரணம் கேட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எல்லோரும் பதில் தரமாட்டார்கள், தருபவர் சொல்லும் ஒரு வரி அடுத்த விண்ணப்பத்துக்குப் பொன். அதற்குள் பாயா பதில் வந்திருந்தால், அதே கேள்வியை நகராட்சியின் எண்களோடு சேர்த்து வேறொரு நிதிக்குத் திருப்பி எழுதுங்கள். ஆய்வக விலைப்புள்ளியை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். பழையது அதற்குள் காலாவதியாகியிருக்கும்.