'அவ்வப்போது' என்ற சொல்லுக்காக இரண்டு மணி நேரம்

அமெரிக்காவில் தொலைபேசி நெட்வொர்க் வேலையில் இருபத்தெட்டு வருஷம் இருந்தேன். அதில் சில வருஷங்கள், வாரத்தில் ஒரு மதியம் கான்ஃபரன்ஸ் காலில் போகும். அந்த காலில் சந்தையில் எங்களோடு மல்லுக்கு நிற்கும் கம்பெனிகளின் பொறியாளர்கள் இருப்பார்கள். அழைப்புகளை இணைத்துவிடும் ஸ்விட்ச் என்ற கருவியைச் செய்து விற்பவர்களும், சின்ன ஊர்களுக்கு மட்டும் லைன் கொடுக்கும் சிறிய கம்பெனிக்காரர்களும் இருப்பார்கள். நெட்வொர்க் விழாமல் இருக்க என்னென்ன செய்வது என்று ஒவ்வொரு வாக்கியமாக எழுதுவதுதான் எங்கள் வேலை. எழுதியதைப் பின்பற்றச் சொல்லி எந்தக் கம்பெனியையும் யாரும் வற்புறுத்த முடியாது. ஒவ்வொரு வரியிலும் 'ஷுட்' (செய்வது நல்லது) என்றுதான் வரும், 'மஸ்ட்' (செய்தே தீர வேண்டும்) வராது.

ஒரு மதியம் 'அவ்வப்போது' என்ற ஒரு சொல்லிலேயே இரண்டு மணி நேரம் நின்றுபோனோம். அதற்கு வருமுன் இந்த ஏற்பாடு எப்படித் தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன்.

1988 மே மாதம் சிகாகோவுக்குப் பக்கத்தில் ஹின்ஸ்டேல் தொலைபேசி நிலையம் தீப்பிடித்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, உள்ளே ஆளில்லை. 1990 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் ஒரு ஸ்விட்ச் தன்னைத் தானே சரிசெய்துகொண்டு 'நான் திரும்பி வந்துவிட்டேன்' என்று பக்கத்து ஸ்விட்சுகளுக்குச் செய்தி அனுப்பியது. மென்பொருளில் இருந்த ஒரு பிழையால் அந்தச் செய்தியே அவற்றைச் சாய்த்தது. அவையும் எழுந்து அதே செய்தியை அனுப்ப, நாட்டின் நீண்டதூர அழைப்புகள் ஒன்பது மணி நேரம் திணறின. அடுத்த வருஷம் சரியாகச் சோதிக்காமல் ஏற்றிய ஒரு பேட்ச், அதாவது மென்பொருள் திருத்தம், வாஷிங்டன் வட்டாரத்தில் லட்சக்கணக்கான லைன்களை முடக்கியது. அந்த செப்டம்பரில் மன்ஹாட்டனில் ஒரு நிலையத்தின் மின்சாரம் போனது. பேட்டரி மணிக்கணக்கில் தாங்கியும் அலாரத்தை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவர்கள் அலாரம் பற்றிய பயிற்சி வகுப்பில் இருந்தார்கள். பேட்டரி தீர்ந்ததும் நியூயார்க் விமானப் போக்குவரத்து நின்றது.

இத்தனைக்கும் பிறகுதான் 1992-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி, நெட்வொர்க் ரிலையபிலிட்டி கவுன்சில் என்ற குழுவை அமைத்தது. பெரிய செயலிழப்புகளைக் கம்பெனிகள் அறிவிக்க வேண்டும் என்ற விதியும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. குழுவின் பெயர் பிறகு இரண்டு முறை மாறியது. வேலை முறை மட்டும் மாறவில்லை. விழுந்த சம்பவங்களைக் குவித்து, மூலக் காரணத்தின்படி பிரித்து, ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே 'இப்படிச் செய்திருந்தால் தடுத்திருக்கலாம்' என்று அனுபவப்பட்டவர்களையே எழுத வைப்பார்கள். கேபிளை வெட்டுவது, மின்சாரம், சிக்னலிங், மென்பொருள், தீ என்று பட்டியல் வளர்ந்து பல நூறு வரிகளானது.

கட்டாயம் இல்லாத இந்த ஏற்பாட்டை நான் மனதார நம்புகிறேன். சட்டம் எழுதும் அறையில் வழக்கறிஞர்தான் பேசுவார், 'எங்களிடம் அந்தக் குறை இல்லை' என்பார். எங்கள் கான்ஃபரன்ஸ் காலில் பேசியவர்கள் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர்கள். ஒருவர், 'ஜெனரேட்டரைச் சோதித்துவிட்டு சுவிட்சை ஆட்டோமேட்டிக்கில் திருப்பி வைக்க மறந்துவிட்டோம், அடுத்த புயலில் அது கிளம்பவில்லை' என்பார். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு இன்னொருவர், 'எங்களுக்கும் நடந்தது' என்பார். தண்டனை உண்டு என்றால் அந்த இரண்டாவது குரல் வந்திருக்காது.

இனி அந்தச் சொல். ஒரு ஊருக்கு இரண்டு ஃபைபர் பாதை போடுகிறோம், ஒன்று அறுந்தால் மற்றது தாங்கட்டும் என்று. வரைபடத்தில் இரண்டும் தனித்தனியாகத்தான் இருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ராத்திரி, அப்படிப்பட்ட இரண்டு பாதைகளின் அலாரமும் ஒரே நொடியில் என் திரையில் சிவந்தன. மண் தோண்டும் இயந்திரம் ஒரே இடத்தில் இரண்டையும் அறுத்திருந்தது. சில வருஷம் முன்பு பாலம் கட்டும் வேலைக்காக ஒரு கேபிளைத் தற்காலிகமாக மற்றதன் குழாய்க்குள் மாற்றியிருக்கிறார்கள். அது அங்கேயே தங்கிவிட்டது, வரைபடத்தில் யாரும் குறிக்கவில்லை. விடியும் வரை அந்த ஊரிலிருந்து அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க வழியில்லை. யாருக்காவது மாரடைப்பு வந்திருந்தால் என்று நினைத்து நினைத்து நான் அந்த வாரம் தூங்கவில்லை.

யாரும் வேண்டுமென்று இதைச் செய்வதில்லை. பாதைகளை அடுக்கி ஒழுங்குபடுத்தும் வேலையை 'குரூமிங்' என்போம். செலவு குறையும், இடம் மிஞ்சும், நல்ல வேலைதான். ஆனால் பத்து குரூமிங் கழித்துப் பார்த்தால், பிரிந்திருக்க வேண்டிய இரண்டு லைன்கள் ஒரே பெட்டியில் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் பாதைகள் உண்மையிலேயே தனித்தனியாக இருக்கின்றனவா என்று ஆடிட் செய்வது பற்றிய அந்த வரி எனக்கு உயிர். 'அவ்வப்போது' ஆடிட் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. நான் 'வருஷம் ஒருமுறை' என்று போடச் சொன்னேன். சிறிய கம்பெனிக்காரர் ஒருவர், 'எங்களிடம் மொத்தம் நான்கு பேர், கேபிள் போகும் எல்லா மேன்ஹோலையும் வருஷாவருஷம் திறக்கச் சொன்னால் அந்த வரியையே விட்டுவிடுவோம்' என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து 'அவ்வப்போது' அப்படியே நின்றது. நானும் சம்மதித்தேன்.

2012 ஜூன் 29 அன்று டெரெச்சோ என்ற புயல் ஓஹையோ வழியாக வாஷிங்டன் வரை அடித்துக்கொண்டு போனது. வடக்கு வர்ஜீனியாவில் இரண்டு தொலைபேசி நிலையங்களில் தலா ஒரு ஜெனரேட்டர் கிளம்பவில்லை. ஆறு மாநிலங்களில் 77 அவசர அழைப்பு மையங்கள் பாதிக்கப்பட்டன, 17 மையங்கள் முழுவதுமாக இருண்டன. எஃப்.சி.சி அறிக்கையைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. புயல் இடித்ததைவிட, எழுதி வைத்த நடைமுறைகளைச் செய்யாமல் விட்டதால் வந்த செயலிழப்புகளே அதில் முன்னால் நின்றன. வரிகள் இருந்தன. எழுதியதோடு என் வேலை முடிந்தது என்று நானும் இருந்திருக்கிறேன். எங்கள் கம்பெனியிலேயே எத்தனை நிலையங்களில் அந்தப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தார்கள் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

2013-ல் 911 லைன்களுக்கு மட்டும் விதி வந்தது. பாதைகளை ஆடிட் செய்து, குரூமிங்கில் கலந்துவிடாதபடி அடையாளம் குறித்து, பேக்கப் மின்சாரத்தையும் கண்காணிப்பையும் சரிபார்த்து, கம்பெனிகள் ஆண்டுதோறும் சான்று தர வேண்டும். 'அவ்வப்போது' போய் 'ஆண்டுதோறும்' வந்துவிட்டது. உயிர் தொங்கும் லைனுக்கு அது சரிதான் என்று இப்போது நினைக்கிறேன். மீதிப் பல நூறு வரிகள் தாமாகச் செய்யும் வரிகளாகவே இருக்கட்டும், இல்லையென்றால் அந்த இரண்டாவது குரல் போய்விடும்.

என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பெண் ஒருத்தி போன மாதம் அழைத்தாள். ஆடிட்டுக்காக மேன்ஹோலைத் திறந்தாளாம். 'சார், படத்துல ரெண்டு குழாய் இருக்கு. உள்ளே ஒண்ணுதான் சார் இருக்கு' என்றாள். ஃபோட்டோ எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டாள், சரிசெய்யச் சொல்லி டிக்கெட்டும் போட்டுவிட்டாள். எனக்குச் சொல்லத்தான் அழைத்திருக்கிறாள்.