அட்டவணைக்கு முந்தைய பக்கங்கள்

சுட்ட தோட்டாக் கூடுகளில் வெடிமருந்தும் குண்டும் மறுபடி நிரப்பும் ரீலோடிங் வேலைக்கான கையேடு கைக்கு வந்த அன்றே நேராக அட்டவணைக்குப் போனேன். .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவின் பக்கத்தைத் தேடி, குண்டின் எடைக்கு நேரே இருந்த வெடிமருந்தின் அளவைக் குறித்துக்கொண்டேன். முன்னால் இருந்த அத்தியாயங்களைப் புரட்டக்கூட இல்லை. நிரப்பியது உச்ச அளவுக்குக் கொஞ்சம் கீழேதான், அதனால் பத்திரம் என்று நம்பினேன்.

மூன்றாவது தோட்டாவைச் சுட்டதும், துப்பாக்கியின் பின்புறத்தை மூடித் திறக்கும் போல்ட் எழும்பவில்லை. பலம்கொண்டு தூக்கித்தான் திறந்தேன். வெளியே வந்த கூட்டின் அடியில், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் ஓரம் நசுங்கித் தட்டையாகியிருந்தது. அத்தோடு நிறுத்திவிட்டேன். அன்றிரவுதான் முதல் அத்தியாயத்தைத் திறந்தேன்.

விடை அங்கேயே இருந்தது. நான் நிரப்பியவை ராணுவத்தில் ஒருமுறை சுட்ட 7.62 மி.மீ. தோட்டாக் கூடுகள். .308 கூட்டோடு வைத்து வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் அவற்றின் பித்தளைச் சுவர் பெரும்பாலும் தடிமனாக இருக்கும். உள்ளே இடம் குறைவு. அதே மருந்து குறுகிய இடத்தில் எரியும்போது அழுத்தம் எகிறுகிறது. அட்டவணையில் உள்ள எண், அவர்கள் சோதித்த கூடு, பிரைமர், மருந்து, குண்டு நான்கும் சேர்ந்ததற்கான எண். ஒன்று மாறினாலும் தொடக்க அளவுக்கு இறங்கி, அங்கிருந்து சிறுகச் சிறுக ஏற வேண்டும். இதை எழுதியவர்கள் கொட்டை எழுத்தில்தான் எழுதியிருந்தார்கள்.

கூட்டின் நீளம் பற்றிய அத்தியாயம் என்னை இன்னும் பயமுறுத்தியது. சுடச் சுடப் பித்தளை நீளும். .308க்கு உச்ச நீளம் 2.015 அங்குலம், அதைத் தாண்டினால் கூட்டின் வாய், துப்பாக்கிக்குள் தோட்டா அமரும் அறையின் முனையில் முட்டி, குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காலிப்பரை எடுத்து மிச்சமிருந்தவற்றை அளந்தேன். பதினொன்று அந்த நீளத்தைத் தாண்டியிருந்தன.

மருந்துகளின் பெயரிலும் ஒரு குழி உண்டு. எச்4350, ஐஎம்ஆர் 4350 இரண்டும் வெவ்வேறு மருந்துகள். எண் ஒன்று என்பதற்காக ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக்கூடாது. இது தெரியாமல் எத்தனை பேர் டப்பாவைத் திறக்கிறார்களோ என்று கவலையாகவே இருக்கிறது.

நிரப்பி வைத்திருந்த எல்லாத் தோட்டாக்களிலிருந்தும் குண்டைப் பிடுங்கி, மருந்தைக் கொட்டினேன். இரண்டாவது கையேடு ஒன்றும் வாங்கினேன். இரண்டிலும் எண்கள் சற்று வேறுபட்டால் குறைந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

மூன்று வாரம் கழித்து, ஒழுங்காக வெட்டி அளந்த கூடுகளில், தொடக்க அளவில் ஐந்தே ஐந்து தோட்டாக்கள். போல்ட் இரண்டு விரலுக்கே எழும்பியது. கூட்டைத் திருப்பிப் பார்த்தேன். பிரைமரின் ஓரம் உருண்டையாகவே இருந்தது.