வளையாத டிஸ்க்

பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் ஆடுகிறது என்று போய் நின்றால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "டிஸ்க் பெண்டு ஆயிடுச்சு சார், மாத்திடலாம்." நானும் மாற்றினேன். வண்டி ஆட்டமே இல்லாமல் நின்றது. 6,000 கிலோமீட்டர் ஓடியதும் அதே ஆட்டம். அதே மெக்கானிக், அதே பதில்.

இந்தத் தடவை மனசு ஒப்பவில்லை. டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் 20 மில்லிமீட்டர் கனமுள்ள வார்ப்பிரும்புத் தட்டு. அது ஏழெட்டு மாதத்தில் அப்பளம் மாதிரி வளையுமா என்ன?

முதலில் காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெதுவாக, நீளமாக மிதித்தால் ஸ்டியரிங் இடவலமாக உதறுகிறது. சீட்டில் ஒன்றும் தெரியவில்லை. பின் சக்கரக் கோளாறாக இருந்தால் கையை விட இடுப்புக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். மிதிக்காமல் அதே வேகத்தில் போனால் நடுக்கமே இல்லை. அப்படியானால் வீல் பேலன்சிங் பிரச்சினை இல்லை. (அதற்கு ஏற்கெனவே ஒரு முறை தண்டம் அழுதாயிற்று.) சடாரென்று அழுத்தும்போது பெடல் கடகடவென்று காலை உதைக்குமே, அது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) தன் வேலையைச் செய்வது. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

40-க்குக் கீழே ஆட்டம் காணாமல் போனதும் என்னைக் கொஞ்சம் படுத்தியது. பிறகு கணக்குப் போட்டதும் புரிந்தது. என் டயரின் சுற்றளவு கிட்டத்தட்ட 1.8 மீட்டர். 80-இல் போனால் சக்கரம் நொடிக்குப் பன்னிரண்டு சுற்றுக்கு மேல் சுற்றும். சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் சேர்ந்து தாளம் போடுவது அந்த வாக்கில்தான். வேகம் குறைந்தால் தாளம் ஒத்துப்போகாது. சஸ்பென்ஷனின் கீழ்க்கையில் இருக்கும் ரப்பர், அதாவது லோயர் ஆர்ம் புஷ், தேய்ந்திருந்தால் இந்த ஆட்டம் இன்னும் பெரிதாகத் தெரியும். என் வண்டியில் கடப்பாரை வைத்து நெம்பிப் பார்த்தேன், புஷ் நன்றாகவே இருந்தது.

லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம், டிஸ்க் சுற்றும்போது எவ்வளவு கோணலாக ஆடுகிறது என்று முள்ளால் காட்டும் டயல் கேஜும், கனம் அளக்கும் மைக்ரோமீட்டரும் இரவல் வாங்கினேன். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்து (ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள்), சக்கரத்தைக் கழற்றி, வீல் நட்டுகளை வாஷர் போட்டு டிஸ்க் மேல் முடுக்கி, விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே கேஜ் முனையை வைத்துச் சுற்றினேன். வலது பக்கம் 0.03 மில்லிமீட்டர். இடது பக்கம் முள் 0.14 வரை போய் வந்தது. என் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள வரம்பு 0.05.

அங்கேயே டிஸ்க் மேல் பழி போட்டிருப்பேன். நண்பர் போனில் ஒரு வார்த்தை சொன்னார்: "டிஸ்க்கைக் கழட்டி ரெண்டு ஓட்டை தள்ளி மாட்டிப் பாருங்க. மேடு டிஸ்க்கோட நகருதா, ஹப்போட நிக்குதான்னு பாருங்க." (ஹப் என்பது டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் நடுப்பகுதி.) சாக்பீஸால் கோடு போட்டுத் தள்ளி மாட்டினேன். மேடு அசையவே இல்லை. ஹப்பில் வீல் நட்டு மாட்டும் அதே ஸ்டட் பக்கம்தான் நின்றது.

டிஸ்க்கை மறுபடி இறக்கி ஹப் முகத்தில் விரல் நகத்தை ஓட்டினேன். ஓரிடத்தில் தட்டியது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துருப் பொருக்கு. புது டிஸ்க் மாட்டியவர் அதைச் சுரண்டாமல் அதன் மேலேயே உட்கார வைத்திருக்கிறார். ஹப்பில் ஒரு மயிரிழை மேடு இருந்தால் டிஸ்க்கின் வெளி விளிம்பில் அதுவே ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும்.

ஆனால் முதல் நாளே ஏன் ஆடவில்லை? கோணலாகச் சுற்றும் டிஸ்க், பிரேக் மிதிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை (டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் கட்டை) உரசிக்கொண்டே போகும். அந்த இடம் மெல்ல மெல்லத் தேயும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பிறகு கனம் இடத்துக்கு இடம் மாறிவிடும். அதற்கப்புறம் மிதித்தால் மெல்லிய இடத்தில் பிடி தளர்ந்து, தடித்த இடத்தில் இறுகும். அந்த இழுப்புத்தான் கைக்கு வருகிறது. மைக்ரோமீட்டரால் எட்டு இடத்தில் அளந்தேன். 19.96-இலிருந்து 19.93 வரை. ஆட்டத்துக்கு அந்த 0.03 போதும்.

ஹப்பைக் கம்பி பிரஷ்ஷாலும் எமரி தாளாலும் பளபளவென்று தேய்த்தேன். டிஸ்க்கின் உள்முகத்தையும் அப்படியே. கேஜ் இப்போது 0.04 காட்டியது. கனம் மாறிவிட்ட டிஸ்க்கை லேத்தில் சீவினோம், 19.6 நின்றது, குறைந்தபட்சம் 18 என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிறது. பேடைத் தாங்கி அழுத்தும் இடது காலிப்பர் நகர உதவும் கீழ் ஸ்லைடு பின் அரைகுறையாகச் சிக்கியிருந்ததைத் துடைத்து, அதற்கான சிலிக்கான் கிரீஸ் போட்டேன். பேட் புதுசு. வீல் நட்டுகளை ஏர் கன்னால் அடிக்காமல், எதிரெதிராக, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், புத்தகம் சொன்ன அளவுக்கு முடுக்கினேன்.

பிறகு 60-லிருந்து 10 வரை பத்து முறை, முழுசாக நிற்காமல், இடையிடையே ஆறவிட்டு மிதித்துப் பேடைப் பழக்கினேன். சூடாக இருக்கும்போது பெடலை அழுத்தியபடியே நின்றால் பேடின் பூச்சு ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதிலேயே அடுத்த ஆட்டம் ஆரம்பிக்கும்.

11,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது, ஸ்டியரிங் அசையவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்காமல், மூலையில் கிடந்த பழைய "பெண்டு" டிஸ்க்கை எடுத்துச் சுத்தமான ஹப்பில் மாட்டி அளந்தேன். 0.04. கனம் 19.1.

"என்னங்க, அப்போ அதை ஏன் மாத்தினோம்?" என்றாள் மனைவி.