அட்டை அடுக்குகளில் பாலா ஏரி

வேல்ஸில் இயற்கையாக உண்டான ஏரிகளில் பரப்பளவில் பெரியது லின் டெகிட் என்னும் பாலா ஏரி. அதை அட்டை அடுக்கி நிலவடிவ மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். தரை முடிந்துவிட்டது, தண்ணீர்தான் பாக்கி.

அளவைத் தீர்மானிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. 1:25,000 என்று எடுத்தால், சுமார் 6 கி.மீ. நீளமுள்ள ஏரி 24 செ.மீ. ஆகிறது. அகலம் 3 செ.மீ.க்குச் சற்று அதிகம். ஆழம்? மிக ஆழமான இடமே 42 மீட்டர், மாதிரியில் 1.7 மி.மீ. பனியாறு குடைந்த பள்ளம் என்று பெரிதாகப் படித்துவிட்டுக் கணக்குப் போட்டால், ஒரு தோசையின் கனம்தான் தேறுகிறது. உயரத்தை ஐந்து மடங்காக்கினால் கம்பீரமாக இருக்கும். ஆனால் அது பாலா அல்ல, நார்வேயின் ஃபியோர்டு, அதாவது செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே கடல் புகுந்த ஆழமான பள்ளத்தாக்கு. இரண்டு மடங்கோடு நிறுத்திக்கொண்டேன். அதன்படி 10 மீட்டருக்கு ஒரு 0.8 மி.மீ. அட்டை. பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே இலவசமாகத் தரும் சம உயரக் கோடுகளும் 10 மீட்டர் இடைவெளியில் இருப்பதால் வேலை எளிதாயிற்று.

கரையோர அடுக்குகளை வெட்டும்போது கத்தி ஏறக்குறைய நேராகவே ஓடியது. தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் செல்லும் பாலா பிளவுப்பெயர்ச்சியின் (பாறைகள் பிளந்து நகர்ந்த கோட்டின்) மேல் ஏரி கிடப்பதே காரணம். பழைய ஆர்டோவிசியன் காலப் பாறைகள் அந்தக் கோட்டில் நொறுங்கிக் கிடந்தன. பனியாறு அந்தப் பலவீனத்தைப் பிடித்துக்கொண்டு தோண்டியது. தென்மேற்கில் உள்ள டால்-அ-லின் ஏரியும் இதே கோட்டில்தான் இருக்கிறது. அடித்தளத்தைச் செங்குத்தான ஓரம், தட்டையான நடு என்று நான்கு அடுக்கில் முடித்தேன்.

நேர்கோட்டைக் கலைப்பவை ஓடைகள். லாங்கோவரில் கிளின் ஓடை கொண்டுவந்து கொட்டிய கற்கள் ஏரிக்குள் முனையாக நீள்கின்றன. தென்மேற்குக் கோடியில் ஆறுகள் வண்டலை நிரப்பிச் சமவெளியாக்கியிருக்கின்றன. 10 மீட்டர் கோடுகளில் இவை அகப்படாது. காகிதக் கூழைத் தடவி உப்புத்தாளால் தேய்த்துக் கொண்டுவந்தேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அதிக நேரம் எடுத்தது பாலா ஊர் முனை. பனியாறு விட்டுச்சென்ற கல்லும் மண்ணுமான மொரைன் மேடுகள் ஒரு பக்கம்; டீ ஆறு வெளியேறும் வாய் மறுபக்கம். ஆனால் இன்றைய நீர்மட்டம் மனிதர்கள் வகுத்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கால்வாய்க்குத் தண்ணீர் தேவைப்பட்டு பொறியாளர் தாமஸ் டெல்போர்ட் இங்கே மதகு அமைத்தார். 1950களில் அதை விட்டு, ட்ரவெரின் ஆறு வந்து சேரும் இடத்துக்குக் கீழே புதிய மதகுகள் கட்டினார்கள். அதனால் ட்ரவெரின் வெள்ளம் பின்னோக்கி ஏரிக்குள்ளேயே புகலாம். ஏரி வெள்ளத்தைத் தாங்கும் தொட்டியாகிவிட்டது. ட்ரவெரினின் மேற்பகுதியில் 1965இல் லிவர்பூலுக்காகக் கட்டிய லின் கெலின் அணை, கேப்பல் கெலின் கிராமத்தை மூழ்கடித்தது. அந்த அணையிலிருந்து வரும் நீரும் இந்த மதகைத் தாண்டித்தான் போக வேண்டும். அணை என் பலகைக்கு வெளியே இருந்தாலும், இந்த மதகுக்கும் அதற்கும் உள்ள உறவு தெரியாமல் இந்த முனையைச் செய்ய முடியாது. பலகை ஓரத்தில் ஓர் அம்புக்குறி வரைந்து வைத்திருக்கிறேன்.

அடுத்தது தண்ணீருக்காக ஊற்றும் எபாக்சி ரெசின், இறுகினால் கண்ணாடிபோல் ஆகும் பிசின். விற்பனையில் உள்ள நீல நிறமியை வாங்கவில்லை. 1990களில் நீலப்பச்சைப் பாசி பெருகிய ஏரி இது. பளிங்கு நீலம் பொய்யாக இருக்கும். பழுப்பில் துளி பச்சை கலந்து பார்த்தேன், பொருந்துகிறது. பனிக்காலம் முடிந்தபோது இங்கேயே சிக்கிக்கொண்ட குவினியாட் மீனுக்கு அந்தப் பாசிதான் தொல்லை: மடிந்து அடியில் அழுகும்போது, மீன் வாழும் குளிர்ந்த ஆழத்தில் ஆக்சிஜன் குறைகிறது. வெளியிலிருந்து வந்த ரஃப் மீன் வேறு அதன் முட்டைகளைத் தின்கிறது. எனவேதான் 2000களில் முட்டைகளை லின் அரெனிக் ஃபவருக்கு மாற்றி ஒரு காப்புக் கூட்டத்தை உருவாக்கினார்கள். அந்தச் சிறு ஏரிக்குத் தனித் துண்டுப் பலகை செய்யும் எண்ணம் இருக்கிறது.

அட்டை ரெசினைக் குடித்துக் குமிழி விடும் என்பதால் வார்னிஷ் இருமுறை பூசியாயிற்று. தென்கிழக்குக் கரையில் 1972இல் தொடங்கிய குறும்பாதை ரயிலுக்காகக் கறுப்புத் தையல் நூலை ஒட்ட வேண்டும். ரெசினுக்கு முன்பே ஒட்டுவது நல்லது. கரையோரம் கசிந்து இறுகிவிட்டால் நூல் பிடிக்காது.