அண்ணனின் டைம்டேபிள்: டஸ்கனி நாட்குறிப்பு

செப்டம்பர் 29, ஞாயிறு. ஃப்ளாரன்ஸ், இத்தாலி

பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே அண்ணன் சாப்பாட்டு மேசையில் கோடு போட்ட நோட்டை விரித்துவிட்டார். முப்பத்தாறு வருஷம் ரயில்வே, அதில் பாதிக்கு மேல் விழுப்புரம் ஜங்ஷன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் டைம்டேபிள், பிறகுதான் சாப்பாடு.

நோட்டில் ஏழு ஊர்: பைசா, லூக்கா, சியெனா, சான் ஜிமிஞ்ஞானோ, வோல்டெர்ரா, கோர்டோனா, அரெட்ஸோ. கையில் இருப்பது ஆறு நாள்.

"ஒரு நாளைக்கு ரெண்டு ஊருன்னு முடிச்சிடலாம் பாப்பா."

அண்ணி பதில் பேசவில்லை. முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அதைவிடத் தெளிவான பதில் வேண்டாம். இங்கே பழைய ஊர்கள் பல குன்றின் தலையில் உட்கார்ந்திருக்கின்றன. ரயில் நிலையம் அடிவாரத்தில். மேப்பில் ஒன்றரை கிலோமீட்டர் என்று காட்டும். நடந்தால் திருக்கழுக்குன்றம்.

நோட்டிலிருந்து முதலில் அடித்தது வோல்டெர்ராவை, ரயில் ஊருக்குள் வராது என்பதால். அதே காரணத்துக்காகக் கோர்டோனாவையும். அரெட்ஸோவை மட்டும் நான் விடவில்லை. ஏன் என்று கேட்டார்கள். அங்கே போனதும் சொல்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 30, திங்கள்

திங்கட்கிழமை உஃபிட்ஸி ஓவியக் கூடத்துக்கு விடுமுறை. இது தெரியாமல் வாசல்வரை போய்த் திரும்பினோம். முதல் நாளே அண்ணனின் நோட்டில் ஒரு சிவப்பு அடித்தல்.

கார் எடுத்துக்கொள்ளுங்களேன் என்று ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஆலோசனை வந்தது. வேண்டாம். பழைய ஊர்களின் நடுப்பகுதிக்குள் வெளி வண்டிகள் நுழையக்கூடாது. காவலர் யாரும் நிற்கமாட்டார். ஒரு பலகை, ஒரு கேமரா, அவ்வளவுதான். மாசக்கணக்கில் கழித்து அபராதச் சீட்டு வீடு தேடி வரும். வழி தவறி இரண்டு முறை நுழைந்தால் இரண்டு சீட்டு.

உள்ளூர் ரயிலுக்கு 'ரெஜியோனாலே' என்று பெயர். காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சின்ன மெஷினில் நுழைத்து நாள், நேரம் அடித்துக்கொள்ள வேண்டும். அடிக்காவிட்டால் டிக்கெட் இருந்தும் அபராதம். அண்ணனுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. மெஷின் 'டக்' என்று கடித்ததும் எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

அக்டோபர் 1, செவ்வாய். சியெனா

சியெனாவுக்குப் பஸ்தான் வசதி, ஊருக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அண்ணன் கேட்பாரா? எம்போலியில் வண்டி மாறிப் போனோம். "இது இவங்க விழுப்புரம்" என்று எம்போலி நடைமேடையைப் பெருமையாகச் சுற்றிப் பார்த்தார். சியெனா நிலையம் பள்ளத்தில். ஆனால் எதிரில் இருக்கும் வணிக வளாகத்துக்குள் போனால் ஒன்றன் மேல் ஒன்றாக நகரும் படிக்கட்டுகள் மேலே கொண்டுபோய் விடுகின்றன. அண்ணி அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இதுவரை இத்தாலியில் அவருக்குப் பிடித்த கட்டடம் அதுதான்.

காம்போ சதுக்கம் சதுக்கமே இல்லை. சிப்பி மாதிரி விரிந்து நடுவில் சரிகிற செங்கல் தரை, ஒன்பது பிரிவு. ஒரு காலத்தில் ஊரை ஆண்ட ஒன்பது பேர் சபையின் கணக்கு. ஜூலை 2, ஆகஸ்ட் 16 இரண்டு நாளும் இதைச் சுற்றித்தான் குதிரைப் பந்தயம். ஊரில் 17 பேட்டைகள், ஓடுவது 10 குதிரை. நாங்கள் அந்தத் தேதியில் வராததே நல்லது.

கதீட்ரலில் தரையைத்தான் பார்க்க வேண்டும். பளிங்கில் இழைத்த 56 சித்திரங்கள். வருஷத்தில் பெரும்பகுதி மூடியே வைத்திருப்பார்கள். இப்போது திறந்திருக்கும் காலம். சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள், கோயிலில் பெரிய கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கிப் போவது போல ஜனம் போய்க்கொண்டிருந்தது. வெளியே வந்தால் ஆகாயத்தில் ஒரு தனிச் சுவர். இருந்த கதீட்ரல் போதாதென்று 1339-ல் அதைவிடப் பெரிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். 1348-ல் கொள்ளைநோய் வந்தது. கட்ட ஆளும் இல்லை, காசும் இல்லை. அப்படியே நின்றுவிட்டது. "நம்ம ஊரு மேம்பாலம் மாதிரி" என்றார் அண்ணன். சிரித்துவிட்டுப் பிறகு மூவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தபடி இருந்தோம்.

மதியம் மூன்றுக்குச் சாப்பிடப் போனால் அடுப்பு அணைத்தாயிற்று. இங்கே இரண்டரைக்கு மேல் சமையலறை மூடினால் ராத்திரி ஏழுக்கு மேல்தான். ரொட்டி கிடைத்தது. டஸ்கனி ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள். அண்ணி கைப்பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலத்தை எடுத்தார்.

அக்டோபர் 2, புதன்

முட்டி வீக்கம். சான் ஜிமிஞ்ஞானோவையும் அடித்தாயிற்று. ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் இருந்ததாம், இப்போது 14. போஜிபொன்ஸியில் இறங்கிப் பஸ் மாற வேண்டும். அண்ணன் தபால் அட்டை ஒன்று வாங்கி வந்து, "எண்ணிப் பாத்துட்டேன், இதுல பதினொண்ணுதான் தெரியுது" என்றார்.

அக்டோபர் 4, வெள்ளி. லூக்கா

நேற்று உஃபிட்ஸி. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடியாது.

இன்றைய திட்டம் காலை லூக்கா, மதியம் பைசா. இரண்டுக்கும் நடுவே ரயிலில் அரைமணிதான். ராத்திரி நிலையத்துப் பலகையில் 'ஷோப்பெரோ' என்ற சொல்லைப் பார்த்தேன். வேலைநிறுத்தம். அண்ணன் பதறவில்லை, அனுதாபத்தோடு தலையாட்டினார். வேலை நாளில் ஸ்டிரைக் என்றாலும் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9, இந்த இரண்டு வேளைக்கும் கட்டாயம் ஓட்டியாக வேண்டிய வண்டிகள் உண்டு. முதல் வேளையில் போய், இரண்டாம் வேளையில் திரும்புவது. நடுவில் எங்கும் நகர முடியாது. பைசா போயிற்று.

"சாஞ்ச கோபுரத்தைப் பாக்காம ஊருக்குப் போனா பக்கத்து வீட்டுல என்ன சொல்வேன்?" அண்ணி நிஜமாகவே வருத்தப்பட்டார்.

ஆனால் இந்தப் பயணத்தில் நல்ல நாள் இதுதான். லூக்கா சமதளம். ஊரைச் சுற்றி 4.2 கிலோமீட்டருக்கு மதில். மதில் என்றால் சுவர் இல்லை, மேலே மரவரிசையோடு ஒரு சாலையே போகிறது. நூறு வருஷத்துக்கு மேல் கட்டினார்கள், எதிரி ஒருவனும் வந்து முற்றுகையிடவில்லை. 1812-ல் செர்க்கியோ ஆறு கரை உடைத்தபோது வாசல்களை அடைத்து ஊரைக் காப்பாற்றியது இந்த மதில்தான். அண்ணன் முழுச் சுற்றும் நடந்தார். நானும் அண்ணியும் மர நிழலில் பெஞ்சில். சைக்கிளில் பையன்கள், நாய்களோடு பாட்டிமார். கீழே யாரோ கொல்லையில் துணி காயப்போட்டார்கள்.

அடுப்பிலிருந்து அகலமான தாம்பாளத்தில் எடுத்து வெட்டித் தரும் 'செச்சீனா' சாப்பிட்டோம். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், மேலே மிளகுத் தூள். ஓரம் முறுகல், நடுவில் கொழகொழ. அண்ணி விரலால் அழுத்திப் பார்த்து, "கொஞ்சம் பெருங்காயம் போட்டிருக்கலாம்" என்று தீர்ப்புச் சொல்லி இன்னொரு துண்டு கேட்டார்.

உச்சியில் மரம் வளர்ந்த குயினிஜி கோபுரத்தில் அண்ணன் மட்டும் ஏறினார். மாலை வண்டியில் நிற்கவும் இடமில்லை.

அக்டோபர் 5, சனி. அரெட்ஸோ

திட்டத்தில் நான் விட்ட ஓட்டை: மாதத்தின் முதல் ஞாயிறும் அதற்கு முந்தின சனியும் அரெட்ஸோவில் பழம்பொருள் சந்தை. சரிந்த பியாட்ஸா கிராந்தே சதுக்கம் முழுக்க அலமாரி, விளக்கு, சாவி, ராணுவத் தொப்பி. கூட்டத்தை விலக்கி அவர்களைத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு இழுத்துப் போனேன். ரோமானிய வட்ட அரங்கத்தின் இடிபாட்டு மேலேயே எழும்பிய பழைய மடம் அது.

கண்ணாடிக்குள் ரோமானியர் காலத்தில் இந்த ஊரில் செய்த சிவப்புக் கிண்ணங்கள். நாட்டு ஓட்டுச் சிவப்பு இல்லை, அரக்கு பூசினது மாதிரி மினுமினுப்பு. அச்சில் வார்த்து, அடியில் பட்டறைக்காரன் பெயரை முத்திரை குத்தியிருக்கிறார்கள். அடிமைத் தொழிலாளிகளின் பெயரும் உண்டு.

"அண்ணே, அரிக்கமேட்டுல கிடைச்சது இந்த வகை ஓடுதான்."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். நாங்கள் புதுச்சேரிக்குப் பக்கத்து அரியாங்குப்பத்துக்காரர்கள். அந்த மேட்டில் மாடு மேய்ந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள். 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது கிடைத்த அரெட்ஸோ வகைத் துண்டுகளுக்கு இத்தாலியில் ஏற்கெனவே காலம் கணித்திருந்தார்கள். அதை வைத்துத்தான் கூடவே கிடைத்த நம்மூர்ப் பானைகளுக்கும் தேதி சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலில் காலக்கணக்குக்கு முதல் முளை அடித்தது அந்தச் சிவப்பு ஓடு.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்தார். நோட்டை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "எந்த ரூட்டுல வந்திருக்கும்?" என்றார். கப்பலில் அலெக்சாந்திரியா, நைல் நதியில் மேலே, ஒட்டகத்தில் செங்கடல் துறைமுகம், அங்கிருந்து பருவக்காற்று என்றேன். "எத்தனை இடத்துல மாறணும்!" என்றார்.

இந்த வகைப் பாத்திரத்துக்கு வேறு ஊர்களிலும் பட்டறைகள் இருந்தன, பைசாவிலும் கூட. நம் ஊருக்கு வந்ததெல்லாம் இங்கேதான் செய்தது என்று சொல்லிவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"பைசாவிலயுமா?" என்றார் அண்ணி. "அப்ப அங்கயே போயிருக்கலாமே!"