பூ மழைக் குறிப்புகள்

மார்ச் 6
காபி மொட்டு தயார். வானம்தான் தயாராக இல்லை.

மார்ச் 9
காலையில் சேர்வராயன் கோயில் பக்கம் லேசாக மூட்டம் போட்டது. ஒன்பது மணிக்குள் கலைந்துவிட்டது. இப்போது ஒரு நல்ல மழை, ஓர் அங்குலம் போதும், பெய்தால் எட்டு ஒன்பது நாளில் தோட்டமே வெள்ளையாகிவிடும். அரைகுறையாகத் தூறினால்தான் வம்பு. மொட்டு பாதி விழித்து, சிவந்து, அப்படியே கருகும். அதனால் மழை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கவும் பயமாக இருக்கிறது.

மார்ச் 12
மச்சினன் சேலத்திலிருந்து வந்திருந்தான். கீழே அனல், இருபது கொண்டை ஊசி ஏறினால்தான் மூச்சு விட முடிகிறது என்றான். சாப்பிட்டதும், தோட்டத்தில் காட்டேஜ் கட்டி வாடகைக்கு விடலாம் என்ற பேச்சு.

"சூடு ஏற ஏற அரபிகா காபி இன்னும் மேல போகணும்னு சொல்றாங்க மாமா. நம்ம ஏற்காடே 1,500 மீட்டர்தான். அதுக்கு மேல எங்க போகும்? ஆகாசத்துலயா நடுவீங்க?"

சொன்னது சரிதான். சொன்ன விதத்தில் இருந்த உற்சாகம்தான் பிடிக்கவில்லை. 1820களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த பயிர், இருநூறு வருடம் ஓடியதே போதும் என்கிறான். உலகமே சூடானால் குளிர்ச்சியைத் தேடி இங்கேதான் வருவார்களாம், அறைக்கு வாடகை ஏறுமாம். கணக்கு எல்லாம் போட்டு வைத்திருக்கிறான்.

மார்ச் 15
இல்லை.

மார்ச் 20
டீக்கடைப் பேப்பரில் உள்பக்கத்தில் ஒரு மூலை. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பம், தொழிற்சாலைக் காலத்துக்கு முன்பிருந்ததைவிட 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு சொல்லியிருக்கிறது. பாரிஸில் 2015இல் உட்கார்ந்து 1.5க்குள் நிறுத்தப் பார்ப்போம் என்றார்களே, அந்தக் கோட்டை ஒரு முழு வருடம் தாண்டியது இதுதான் முதல் தடவை. ஒரு வருடம் தாண்டியதாலேயே ஒப்பந்தம் முறிந்ததாக ஆகாது, பல வருடச் சராசரியைத்தான் பார்ப்பார்களாம். இருந்தாலும் வயிற்றைப் பிசைந்தது.

கடையில் யாருக்கும் பெரிய அதிர்ச்சி இல்லை. "எங்க தாத்தா காலத்துலயும் வெயில் அடிச்சுது" என்றார் ஒருவர். இன்னொருவர் கலிகாலம் என்றார். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் மட்டும் நிதானமாக, இனி என்ன செய்தும் பயனில்லை, எல்லாம் கைமீறிவிட்டது என்றார். அவர் முகத்தில் கவலையே இல்லை. வரி பாக்கி தள்ளுபடி ஆனவர் முகம் அது.

எனக்கு முதல் இரண்டு பேர்மீது வராத கோபம் இவர்மீது வந்தது. புகை விடுவதை இன்றைக்கே நிறுத்தினாலும் ஏறிய சூடு நம் காலத்தில் இறங்காது, கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்கும், வாஸ்தவம். ஆனால் நிறுத்தினால் மேற்கொண்டு ஏறுவதும் ஏறத்தாழ நின்றுவிடும் என்றும் அதே விஞ்ஞானிகள்தானே சொல்கிறார்கள். முதல் பாதி மட்டும் டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டாவது பாதி வந்தால் யாராவது ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல.

மார்ச் 21
"வாத்தியார்கிட்ட சண்டைக்குப் போனீங்களாமே?" இந்த வீட்டில் எதுவும் தங்காது.

மார்ச் 25
பக்கத்துத் தோட்டத்தில் சில்வர் ஓக் வெட்டுகிறார்கள். லாரி வந்துவிட்டது. காபியில் காசில்லை, மரத்திலாவது எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அவர் மரம், அவர் இஷ்டம். ஆனால் என் மேற்கு ஓரத்துச் செடிகளுக்கு அதுதான் நிழல். வெயில் பட்ட தண்டில்தான் துளைப்பான் வண்டு தேடிவந்து முட்டை வைக்கும். பிறகு செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை.

சாயங்காலம் வரை ரம்பச் சத்தம். தலைவலி.

மார்ச் 29
பெங்களூரிலிருந்து மகள். "ஸ்பிரிங்க்ளர் போட்டுப் பூக்க வைக்கலாமே அப்பா?" வைக்கலாம். தண்ணீர் உள்ளவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். என் குளத்தில் கிடப்பது கீழ்ப்பகுதிக்கு மட்டும்தான் வரும், அதையும் அடித்துவிட்டால் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு மே மாதத் தண்ணீர்? பூத்த பிறகு பிஞ்சு நிற்க மறுபடி ஈரம் வேண்டும், அதற்கு எங்கே போவது?

கடைசியில், "நான் அங்கேயே வந்துடவா?" என்று கேட்டாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 2
தூறல். மழைமானியில் 4 மில்லிமீட்டர். எது வேண்டாம் என்று பயந்தேனோ அதுவே.

ஏப்ரல் 3
எழுதப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 5
மேட்டுப் பகுதியில் மொட்டு சிவந்துவிட்டது. கீழே இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது, மர நிழல் அடர்ந்த இடம் என்பதாலோ என்னவோ.

மேற்கு ஓரத்தில் வைக்கப் பலாக் கன்றும் அத்திக் கன்றும் வாங்கி வந்தேன். நிழல் தர வருடங்கள் ஆகும். என் வயதுக்கு இது வேண்டாத வேலை என்று மச்சினன் சொல்வான். சொல்லட்டும்.

வேலைக்கு வரும் மலையாளி ஆத்தாவிடம் (கேரளம் இல்லை, இந்த மலையின் பழங்குடி) மழை பற்றிப் புலம்பினேன். "சேர்வராயன்கிட்ட சொல்லியாச்சு சாமி, மே மாசம் திருவிழா வருதில்ல, பாத்துக்குவான்" என்றாள். அதே மூச்சில், "குழி ஒன்றரை அடி போதுமா, ரெண்டு தோண்டட்டுமா?"

இரண்டு.

ஏப்ரல் 8
குளத்தில் கம்பு விட்டுப் பார்த்தேன். முழுக்க இறைக்கப் போவதில்லை. கீழ்ப்பகுதியில் பாதிக்கு மட்டும் அடித்துப் பார்க்கலாம், மீதி வீடுகளுக்கு. மோட்டார் வேறு இழுக்க மாட்டேன் என்கிறது, மெக்கானிக் நாளை காலை வருவதாகச் சொன்னான். மச்சினன் யாரையோ இடம் பார்க்கக் கூட்டிவருகிறானாம், அதுவும் நாளைக்கே. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வராமல் இருந்தால் சரி.