கருத்துரிமைப் பாடத்தைக் கேட்பவர் பக்கமிருந்து தொடங்குவோம்

பள்ளி மாணவர்களுக்குக் கருத்துரிமையைச் சொல்லிக்கொடுக்கும்போது நாம் வழக்கமாகப் பேசுபவரின் பக்கமிருந்தே தொடங்குகிறோம். உன் மனத்தில் பட்டதைச் சொல்ல உனக்கு உரிமை உண்டு என்கிறோம். சட்டப்பிரிவின் எண்ணைக் கரும்பலகையில் எழுதி, அதற்குள்ள வரம்புகளை வரிசைப்படுத்திப் பாடத்தை முடித்துவிடுகிறோம். கையில் செல்பேசியோடு வளரும் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தி அன்று. நினைத்ததை அடுத்த நொடியே ஊரறியச் சொல்ல அவர்களால் முடிகிறது. அவர்கள் எண்ணிப் பார்த்திராதது இதன் மறுபக்கத்தை: ஒருவரைப் பேசவிடாமல் செய்யும்போது, அவர் சொல்வதைக் கேட்டுத் தாமே முடிவெடுத்திருக்கக்கூடிய அத்தனை பேரும் எதையோ இழக்கிறார்கள். ஆகவே இந்தப் பாடம் கேட்பவரின், வாசிப்பவரின் உரிமையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது வகுப்பறை அனுபவம் எனக்குத் தந்திருக்கும் உறுதியான கருத்து.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. 1948இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 19ஆவது பிரிவு, தகவல்களையும் கருத்துகளையும் தேடுவது, பெறுவது, பரப்புவது ஆகிய மூன்றையும் ஒரே உரிமையின் பகுதிகளாகவே வைக்கிறது. 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, தன் 13ஆவது பிரிவில் இதே உரிமையைச் சிறாருக்கும் வழங்குகிறது. வாக்களிக்கும் வயது வந்த பிறகே இதெல்லாம் தங்களுக்குப் பொருந்தும் என்று எண்ணியிருக்கும் மாணவர்கள், இந்த இடத்தில்தான் முதன்முறையாக நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

வரையறைகளைவிட வழக்குகள் நன்றாகக் கற்பிக்கின்றன. பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் வரக்கூடாது, விற்கப்படக்கூடாது என்று அன்றைய மாநில அரசு தடை விதித்தது. அந்த ஆணை இதழ் அச்சாவதைத் தடுக்கவில்லை. அது வாசகரிடம் போய்ச் சேருவதையே தடுத்தது. இதழின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில் 1950இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியதோடு, கருத்துச் சுதந்திரம் என்பது கருத்தைப் பரவச் செய்யும் சுதந்திரத்தையும் உள்ளடக்கியது என்று தெளிவுபடுத்தியது. அடுத்த ஆண்டே அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பொது ஒழுங்கின் பொருட்டும் கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் அது நியாயமானதாக இருக்க வேண்டும் என்று சேர்த்தது. எது நியாயமானது, அதை யார் முடிவு செய்வது என்ற கேள்வியை மாணவர்களிடம் விட்டுவிட்டால், அந்த வகுப்பில் ஆசிரியர் பேச வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது.

அவர்களை இன்னும் நெருங்கித் தொடுவது அமெரிக்காவின் ஹேசல்வுட் வழக்கு. 1983இல் மிசௌரி மாநிலத்தின் ஒரு பள்ளியில், இதழியல் வகுப்பு மாணவர்கள் தயாரித்த நாளிதழ் வடிவிலான பள்ளிப் பத்திரிகையிலிருந்து இரண்டு பக்கங்களைப் பள்ளியின் முதல்வர் நீக்கினார். கருவுற்ற மாணவியரின் அனுபவம் பற்றிய கட்டுரையும், பெற்றோரின் மணமுறிவு பிள்ளைகளை எப்படிப் பாதிக்கிறது என்ற கட்டுரையும் அவருக்கு ஏற்புடையனவாக இல்லை. பெயர் மாற்றப்பட்டிருந்தாலும் அந்த மாணவியரை அடையாளம் கண்டுவிடலாம் என்றும், மணமுறிவுக் கட்டுரையில் குறை கூறப்பட்ட தந்தைக்குப் பதில் சொல்ல வாய்ப்பளிக்கப்படவில்லை என்றும் அவர் காரணம் கூறினார். அதே பக்கங்களில் இருந்த, அவர் ஆட்சேபிக்காத கட்டுரைகளும் சேர்ந்தே போயின. 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-3 என்ற பெரும்பான்மையில் பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தது.

இந்த வழக்கை நான் விரும்பி எடுத்துக்கொள்வதற்குக் காரணம், முதல்வரின் காரணங்கள் வெற்றுச் சாக்குகளாக இல்லாததுதான். ஒருவரைப் பற்றிக் குறை எழுதினால் அவருடைய விளக்கத்தையும் கேட்டு வெளியிட வேண்டும் என்பது இதழியலின் அடிப்படை ஒழுக்கம். பெயரை மறைப்பதாக வாக்களித்தால் உண்மையிலேயே மறைக்க வேண்டும் என்பதும் அப்படியே. ஆனால் குறையைத் திருத்தி வெளியிடச் சொல்வதற்கும் பக்கத்தையே எடுத்துவிடுவதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. அந்தக் கட்டுரையைப் படித்துத் தன் நிலைமையைப் புரிந்துகொண்டிருக்கக்கூடிய ஒரு மாணவி எதை இழந்தாள் என்று கேட்கும்போது, விவாதம் முதல்வரையும் பத்திரிகைக் குழுவையும் தாண்டி வாசகரிடம் வந்து நிற்கிறது.

இன்றைய சூழலில் மாணவர்கள் மிகவும் குழம்புவது, தடுப்பது யார் என்பதில். அரசு ஒரு இதழைத் தடை செய்வதும், தனியார் சமூக ஊடகம் ஒரு பதிவை நீக்குவதும், பலர் கூடி ஒருவரை வசைபாடியே வாயடைக்கச் செய்வதும் அவர்களுக்கு ஒன்றாகவே தெரிகின்றன. மூன்றிலும் கேட்பவர் இழக்கிறார் என்பது உண்மை. ஆனால் கேள்வி கேட்க வேண்டிய இடமும் கிடைக்கும் பரிகாரமும் வேறு வேறு. இங்கே ஸ்ரேயா சிங்கால் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2015இல் வழங்கிய தீர்ப்பு பெரிதும் உதவுகிறது. இணையத்தில் புண்படுத்தும் செய்திகளை அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை நீக்கிய அந்தத் தீர்ப்பு, ஒன்றைப் பற்றி விவாதிப்பதையும், அதற்காக வாதாடுவதையும், அதைச் செய்யும்படி தூண்டிவிடுவதையும் தனித்தனியே பிரித்துக் காட்டியது. தூண்டுதல் என்ற எல்லையை எட்டும்போதுதான் சட்டம் குறுக்கிட முடியும் என்றது. செய்தித்தாளில் வந்த ஏதேனும் ஒரு பேச்சை எடுத்து இந்த மூன்றில் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டால் வகுப்பு எப்போதும் இரண்டுபடும். அது இரண்டுபடுவதே நல்லது.

பத்திரிகைச் சுதந்திரத்தைத் தனியே வலியுறுத்த வேண்டியிருக்கிறது. எல்லோரும் பதிவிட முடிகிற காலத்தில் பத்திரிகையாளருக்கு என்ன தனிச் சிறப்பு என்று மாணவர்கள் நேர்மையாகவே கேட்கிறார்கள். சரிபார்த்துச் சொல்வது ஒரு வேலை, அந்த வேலைக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதே என் பதில். பத்திரிகையாளர்களான பிலிப்பைன்ஸின் மரியா ரெஸ்ஸாவும் ரஷ்யாவின் திமித்ரி முராத்தோவும் 2021இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டே ரெஸ்ஸா இணைய அவதூறு வழக்கில் தண்டிக்கப்பட்டிருந்தார். பரிசு பெற்ற மறு ஆண்டில் முராத்தோவின் 'நோவயா கஸெத்தா' செய்தித்தாள் தன் வெளியீட்டை நிறுத்திவைக்க நேர்ந்தது. இதைக் கேட்ட பிறகு, ஒரு செய்தியை எடுத்து, இது எப்படித் தெரிந்தது, யாரிடம் கேட்டார்கள், எதிர்த்தரப்பு என்ன சொன்னது என்று ஆராயச் சொன்னால், அவர்கள் அதை வீட்டுப்பாடமாக நினைப்பதில்லை.

ஆசிரியர்கள் பலர் இந்தப் பாடத்தைத் தவிர்ப்பதற்கு அச்சமே காரணம். ஒரு மாணவர் புண்படுத்தும் கருத்தைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்கிறார்கள். சக மாணவரை இழிவுபடுத்தும் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்தத்தான் வேண்டும். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் ஒரு கொள்கையைப் பற்றியோ ஓர் அரசைப் பற்றியோ பெரும்பான்மைக்குப் பிடிக்காத கருத்தை ஒருவர் சொன்னால், அதை முழுவதும் கேட்டு, அவரே ஒப்புக்கொள்ளும் வகையில் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்கள் மறுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். என் கருத்துக்கு நேர்மாறாக வாதிடும் கட்டுரையும் சான்றுகளோடு இருந்தால் முழு மதிப்பெண் பெற வேண்டும்; அது கிடைக்கிறதா என்பதை மாணவர்கள் கூர்ந்து கவனிக்கிறார்கள்.

பள்ளி இதழ் நடத்தும் வாய்ப்பு இருந்தால், மாணவர்களையே ஆசிரியர் குழுவாக அமர்த்தி, ஒரு கட்டுரையை மறுத்தால் அதற்கான காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், மறுக்கப்பட்டவர் அதற்குப் பதில் எழுதலாம், அச்சில் பிழை வந்தால் அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டும் என்ற விதிகளை அவர்களைக் கொண்டே வகுக்கச் செய்யலாம். மறுப்புக் கடிதங்களை ஒரு கோப்பில் சேர்த்து வைத்து, அடுத்த ஆண்டுக் குழு பொறுப்பேற்கும்போது முதலில் அவற்றைப் படிக்கும்படி செய்ய வேண்டும்.